அறுபத்தொன்று அறுபத்தேழான வெள்ளிக்கிழமை

இந்தத் தொழிலுக்கு இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். உங்கள் மேசைகளைப் பார்த்தேன். துடைத்துச் சுத்தமாக இருக்கின்றன. என் மேசை இத்தனை வருடத்தில் ஒரே ஒரு வேலையின்போதுதான் அப்படி இருந்தது. அந்த வேலையைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு மேசையைக் குழப்பி வைப்பதா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

பெரிய இலக்கம் காட்டும் எல்.ஈ.டி. பலகைக்கு எந்த ட்ரைவர், அதாவது கோடுகளை எரிக்கவும் அணைக்கவும் செய்யும் உறுப்பு, வைப்பது என்று போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். நான் வாய் திறக்குமுன் பதிலையும் அவரே சொன்னார்: "எத வெச்சாலும் எரியும்தானே, சேர்?" எரியும். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நானும் ஒன்றை எரியவைத்தவன்தான். பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சாய்ந்தமருதில் மெயின் ரோட்டோரம் நானும் மச்சானும் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தோம். மச்சான் என்றால் என் மனைவியின் காக்கா, மூத்த சகோதரர். கடை அவருடையது, கை என்னுடையது, வாய் மறுபடியும் அவருடையது. ஒருநாள் அந்த வாய் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டு வந்தது.

எங்கள் கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் வேலை. பெயர் வேண்டாம். அங்கே வெளிநோயாளர் மண்டபத்தில் காலையில் நூறு பேர் அளவில் கூடுவார்கள். வாசலில் இலக்கத் துண்டு கொடுப்பார்கள். காதர் காக்கா என்ற அட்டென்டன் டொக்டரின் கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி இலக்கத்தைக் கூப்பிடுவார். அவர் கூப்பிடுவது பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடக் கேட்காது. கேட்டவர் கேட்காதவர் எல்லாரும் ஒன்றாக எழும்பிக் கதவுக்கு ஓடுவார்கள். வருத்தக்காரர்களுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்று டொக்டரே ஆச்சரியப்படுவாராம்.

ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுவின் தலைவர் ஒரு ஹாஜியார். அப்போதுதான் ஹஜ் முடித்து வந்திருந்தார். மக்காவைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் விமான நிலையத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மனே, அங்க ஆரும் கூப்பிடுற இல்ல," என்று கடைக்கே வந்து சொன்னார். "நம்பர் தன்னால எரியிது. சனம் பாத்து எழும்பிப் போகுது. நம்மட ஆஸ்பத்திரிக்கும் அப்படி ஒண்டு செய்யேலுமா?"

"ஓம் ஹாஜியார், செய்யலாம்," என்றார் மச்சான். என்னைக் கேட்கவில்லை.

"எத்தின நாள் எடுக்கும்?"

"பத்து நாள்." அதையும் என்னைக் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் கடையில் கிடைத்த எல்.ஈ.டி. இலக்கம் கல்குலேட்டரில் வரும் அளவுதான், விரல் நகம் மாதிரி. மண்டபத்தின் கடைசி வாங்குக்குத் தெரிய ஓரடி உயரம் வேண்டும். ஆகவே தனித்தனி எல்.ஈ.டி.களை வாங்கி, ஒரு கோட்டுக்கு ஆறாக வரிசையில் கோத்தேன். ஓர் இலக்கத்துக்கு ஏழு கோடுகள், இரண்டு இலக்கங்கள், மொத்தம் எண்பத்துநான்கு சிவப்புப் புள்ளிகள். இவற்றை எரிக்க ஐந்து வோல்ட் காணாது. ஆறையும் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தால் பன்னிரண்டு வோல்ட் வேண்டும். கையிலிருந்த ட்ரான்ஸ்போமர் இருபத்துநான்கு தந்தது. மிச்சத்தை ரெசிஸ்டர் தின்னட்டும் என்று விட்டேன்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். எந்தக் கோடு எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்று தீர்மானிக்க ஒரு ஐ.சி. இருந்தது. உங்களுக்கும் அது தெரியும். சின்ன இலக்கங்களை அது தானே நேராக ஓட்டிவிடும். ஆனால் அதன் கால்கள் பதினைந்து வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அதே ஐ.சி.யின் முப்பது தாங்கும் வகை ஒன்று உண்டு, கொழும்பில் கேட்டால் இரண்டு மாதம் என்றார்கள். மூன்றாவது வழி, ஐ.சி.க்குப் பின்னால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு ட்ரான்சிஸ்டர் வைப்பது. பதினான்கு ட்ரான்சிஸ்டர். அவை என் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தன.

நான் முதல் வழியை எடுத்தேன். காரணம் கேட்டால் வெட்கம்தான். பலகையின் ஒரு பக்கத்துக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று ஹாஜியார் சொல்லியிருந்தார். சனம் "உள்ளுக்கிருக்கிற மூளையை" பார்க்க வேண்டுமாம். பதினான்கு ட்ரான்சிஸ்டரும் அவற்றின் கம்பிகளும் கண்ணாடிக்குப் பின்னால் இறால் கூடை மாதிரி இருக்கும். இரண்டு ஐ.சி. மட்டும் என்றால் பார்க்க எவ்வளவு அழகு. மேசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பதினைந்து வோல்ட் கதைக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். வருவது இருபத்துநான்கு. எல்.ஈ.டி.கள் பன்னிரண்டை எடுத்துக்கொள்ளும். ஐ.சி.க்கு மிஞ்சுவது பன்னிரண்டு. தாங்கக்கூடியது பதினைந்து. மூன்று வோல்ட் லாபம். இந்தக் கணக்கில் கூட்டல் பிழை இல்லை, கழித்தல் பிழையும் இல்லை. இதை எழுதியவனிடம்தான் பிழை.

பலகை தயார். முதலில் எண்பத்தெட்டை எரித்தோம். இலக்கப் பலகை செய்பவர்கள் எல்லாரும் எட்டைத்தான் எரித்துப் பார்ப்பார்கள். ஏழு கோடும் எரியும், பார்க்க நிறைவாக இருக்கும். மச்சான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வந்து, "ஜப்பான்காரன் தோத்தான்," என்றார். நான் மறுக்கவில்லை.

திறப்பு விழாவை வெள்ளிக்கிழமை வைத்தார்கள், பறக்கத்தான நாள், அருள் நிறைந்த நாள் என்று. காலை ஒன்பது மணிக்கு ஹாஜியார் நாடா வெட்டினார், பொத்தானை அழுத்தினார், எண்பத்தெட்டு எரிந்தது, மண்டபம் கைதட்டியது. எனக்குப் பொன்னாடை. மச்சானுக்கும் பொன்னாடை. வேலைக்குள்ளே எட்டிப்பார்க்காத மூன்று பேருக்கும் பொன்னாடை. பொறுப்புத் தாதி, எங்கள் பேச்சில் மிஸ்ஸி, மட்டும் கைதட்டவில்லை. வினாயகபுரத்துக்காரி, கட்டையான, வேகமான மனுசி. இரண்டு கையிலும் நோயாளிக் கொப்பிகளை அணைத்துக்கொண்டு, இது எப்போது முடியும் என்ற முகத்தோடு நின்றார்.

விழா முடிந்து இலக்கம் ஓடத் தொடங்கியது. ஒழுங்கு இப்படி: காதர் காக்கா டொக்டரின் அறைக்குள் கதவோரம் ஸ்டூலில் இருந்து பொத்தானை ஒரு தடவை அழுத்துவார். வெளியே பலகையில் ஒன்று கூடும். அந்த இலக்கத் துண்டு வைத்திருப்பவர் எழும்பி வருவார். கூச்சல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. காதர் காக்காவுக்குப் பலகை தெரியாது, அது அவர் பக்கத்துச் சுவரின் மறுபுறம் தொங்கியது. தெரிய வேண்டிய தேவையும் இருப்பதாக எவரும் நினைக்கவில்லை. அவர் துண்டுகளை வாங்கிப் பார்ப்பதையும் அன்றே நிறுத்தியிருந்தார்.

நான் காலை முழுக்க மண்டபத்திலேயே நின்றேன். பராமரிப்புக்காக என்று சொன்னேன். உண்மையில் சனம் பலகையைப் பார்ப்பதைப் பார்க்க நின்றேன். பன்னிரண்டு மணி ஆகும்போது ஆண்கள் பலர் ஜும்ஆத் தொழுகைக்கு எழும்பிப் போய்விட்டார்கள். மச்சானும் மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். நானும் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அப்போது பின்னால் மிஸ்ஸியின் குரல் கேட்டது.

"தம்பி, அறுபத்தொண்டு எங்க?"

திரும்பிப் பார்த்தேன். பலகையில் அறுபத்துமூன்று அழகாக எரிந்துகொண்டிருந்தது.

"அறுபத்தொண்டு போயிருக்கும் மிஸ்ஸி. இப்ப அறுபத்துமூண்டு நடக்குது."

"போகல்ல. ஒரு சின்னப் பிள்ள. இறக்காமத்தில இருந்து தாய் கொண்டு வந்தது. காலையிலயே நிறை பாக்கேக்க நான் பாத்தன், கண் உள்ளுக்குப் போயித்து, நாக்குக் காஞ்சி கிடக்கு. டொக்டருக்கும் செல்லி வெச்சனான், அறுபத்தொண்டு வந்தா உடன வாட்டுக்கு எடுக்கோணும் எண்டு. அறுபது வந்திச்சு. பிறகு ஒரு கிழவி வந்தா. பிறகு அறுபத்திரண்டு எண்டு ஒராள் வந்தார். அந்தப் பிள்ள வரவே இல்ல."

"அந்தக் கிழவி அறுபத்தொண்டா இருக்கும்."

"அவட துண்ட நான் பாத்தன். அறுபத்தேழு."

கிழவிக்கு வயது போய் இலக்கம் மாறியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். என் பலகையைவிடக் கிழவி பிழை விடுவதற்குத்தானே சந்தர்ப்பம் அதிகம். அதற்குள் உள்ளே காதர் காக்கா பொத்தானை அழுத்தினார். அறுபத்துநான்கு வர வேண்டும். பலகையில் அறுபத்தொன்பது வந்தது. முன் வாங்கிலிருந்த ஒரு மனிதர், தன் துண்டைப் பார்த்து, அதிர்ஷ்டத்தை நம்ப முடியாமல் இன்னொரு தடவை பார்த்து, எழும்பிப் போனார்.

அப்போதுதான் விளங்கியது. வலது இலக்கத்தின் மேல்கோடு அணையவே இல்லை. ஒன்றுக்கு மேல் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், ஏழு. நாலுக்கு மேல் போட்டுப் பாருங்கள், ஒன்பது. மற்ற எந்த இலக்கத்திலும் இந்தப் பிழை கண்ணில் படாது. அறுபது சரி, அறுபத்திரண்டு சரி, அறுபத்துமூன்று சரி. அதனால்தான் அறுபத்துமூன்றைப் பார்த்து நான் அவ்வளவு பெருமையாகப் பதில் சொன்னேன்.

உங்களுக்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த நேரம் என் தலைக்குள் ஓடியது பிள்ளை இல்லை. ஐ.சி.யின் எத்தனையாவது கால் பழுது, உள்ளே துளைபட்டுவிட்டதா, வெறும் கசிவா, மேல்கோட்டின் மீது கறுப்புக் கடதாசி ஒட்டினால் பின்னேரம் வரை சமாளிக்கலாமா. ஜும்ஆ முடிந்து ஹாஜியார் யாரோ பெரிய விருந்தாளியைப் பலகை காட்டக் கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தார். நான் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். மிஸ்ஸி என்னைக் கடந்து போய்ச் சுவரிலிருந்த ப்ளக்கைப் பிடுங்கினார். பலகை இருண்டது.

"என்ன யோசிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"எந்தக் கால் போச்சி எண்டு."

"பிள்ள போச்சி தம்பி."

பிறகு வாங்கில் இருந்தவர்களிடம் விசாரித்தார். ஒரு பெண் சொன்னார்: "அவ இஞ்சதான் இருந்தா மிஸ்ஸி. பிள்ளைக்குத் தண்ணி எடுக்கப் போயித்து வந்து பாத்தா, அறுபத்தேழு எரியிது. தன்ட நம்பர் போயித்து எண்டு அழுதா. நான்தான் செல்லினன், லைட் போட்டில நம்பர் போனா போனதுதான், திரும்பி வராது எண்டு. பஸ்ஸ விட்டா போகேலா எண்டு தூக்கிட்டுப் போயித்தா."

நான் ஓடினேன். மோட்டார் சைக்கிள் பள்ளிவாசலில் நின்றது. ரோட்டில் ஆளில்லை, கடைகள் பாதிக் கதவு போட்டிருந்தன. பஸ் நிலையம் வரை வெயிலில் ஓடியபோது ஒரு விஷயம் காதில் பட்டது. பட்டது என்பதைவிட, படவில்லை என்று சொல்ல வேண்டும். வழமையாக அந்த ரோட்டில் இரண்டு பக்கமும் அரிசி மில்லுகள் இரைந்துகொண்டிருக்கும். அப்போது ஒரு மில்லும் ஓடவில்லை. ஜும்ஆவுக்காக எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்கள். அதன் அர்த்தம் ஓடும்போது எனக்கு ஏறவில்லை.

இறக்காமம் பஸ் நின்றது. சாரதியும் கண்டக்டரும் தொழப் போயிருந்தார்கள். அந்த இரண்டு பேரும் அன்று தொழுகையில் கொஞ்சம் அசட்டையாக இருந்திருந்தால் இந்தக் கதையை நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். பஸ்ஸுக்குள் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், பிள்ளைகள், மரக்கறி நிறைந்த உமல் பைகள். நான் தேடி வந்த பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. முகமும் தெரியாது. காலையிலிருந்து ஆட்களை நான் பார்க்கவே இல்லை, பலகையைத்தான் பார்த்தேன். படியில் ஏறி நின்று, காதர் காக்காவை விட மோசமான குரலில் கத்தினேன்.

"அறுபத்தொண்டு ஆர்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பின் இருக்கையிலிருந்து ஒருவர் மெதுவாகச் சொன்னார். "எங்கட நம்பர் போயித்து, தம்பி."

மடியில் ஐந்து வயது மதிக்கத்தக்க பெண் பிள்ளை. கண் பாதி திறந்திருந்தது. உதட்டில் ஈரமே இல்லை.

"போகல்ல ராத்தா. உங்கள இன்னம் கூப்பிடல்ல. மிஸ்ஸி கூட்டி வரச் சொன்னா."

"போட்டில பாத்தனே. அறுபத்தேழு போட்டிருந்திச்சே."

"அது பிழை."

"அவ்வளவு பெரிய லைட்டு பிழையாக் காட்டுமா?" என்று கேட்டார். என்னைக் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே நம்ப முடியாமல் கேட்டார். "நீங்க ஆரு? டொக்டரா?"

"இல்ல. அந்தப் போட்டச் செஞ்ச ஆள்."

 அவர் பிள்ளையைத் தூக்கி என் கையில் தந்துவிட்டுத் தன் பையை எடுத்தார். அந்தப் பிள்ளையின் பாரம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. பாரமே இல்லை. காய்ந்த துணியைத் தூக்குவது போல இருந்தது. பொன்னாடை இன்னும் என் தோளில்தான் கிடந்தது. அதை எடுத்து வெயிலுக்குப் பிள்ளையின் முகத்தை மூடினேன். அந்தத் துணி செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

மிஸ்ஸி வாசலில் நின்றார். பிள்ளையைக் கையில் வாங்கினார். நேரே வாட்டுக்குக் கொண்டுபோனார்கள். நரம்பு அகப்படவில்லை என்று மூன்று இடத்தில் குத்தி நாலாவது இடத்தில் சேலைன் ஏற்றினார்களாம். இன்னும் இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் குலுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டொக்டரிடம் கேட்டேன். "அதை ஏன் கேட்கிறீர்?" என்றார். அதுதான் பதில்.

பின்னேரம் குழு கூடியது. ஹாஜியார், மச்சான், டொக்டர், மிஸ்ஸி, இன்னும் சில பொன்னாடைகள். நான் இருண்ட பலகையைக் கழற்றி மீற்றர் வைத்துப் பார்த்திருந்தேன். காரணம் கண்டுபிடித்திருந்தேன். அந்தக் காரணம் எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

"ஹாஜியார், வோல்டேஜ் கூடிட்டு," என்றேன். "மில்லெல்லாம் ஓடினா நம்மட லைன்ல கரண்ட் இறங்கி நிக்கும். மில்லு நிண்டா ஏறும். இண்டைக்கு ஜும்ஆக்கு எல்லா மில்லும் ஒண்டா நிண்டிருக்கு. இருபத்துநாலு வர வேண்டிய இடத்தில முப்பது கிட்ட வந்திருக்கு. ஐ.சி. தாங்கல்ல."

மண்டபத்தில் நிம்மதி பரவியது. குற்றவாளி அகப்பட்டான், அவன் கம்பியில் ஓடுகிறான், கூட்டத்துக்கு வரமாட்டான். மின்சாரக் கந்தோர் அதிகாரிகளுக்கு ஒரு பெட்டிசம் எழுதுவது என்று ஒருவர் பிரேரித்தார். இன்னொருவர் ஆமோதித்தார். பலகை திருத்தும் வரை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. ஹாஜியார் யோசித்தார்.

"பிழையாக் காட்டுறது ஒண்டும் நாலும் மட்டும்தானே? அப்ப ஒண்டிலயும் நாலிலயும் முடியிற துண்டக் குடுக்காம விடுவம். மத்த நம்பரெல்லாம் சரிதானே. போட் எரிஞ்சிட்டிருக்கட்டும்."

"நல்ல ஐடியா ஹாஜியார்," என்றார் மச்சான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அன்று சிரிக்கவில்லை. தலையாட்டினேன். பலகையைத் திருத்த அவகாசம் கிடைக்கிறதே. இந்தத் தொழிலில் இதுவரை நான் பார்த்த பெரிய திருத்தங்களில் பாதி இந்த வகைதான்: கருவி காட்டாத இலக்கத்தை உலகத்திலிருந்து எடுத்துவிடுவது.

 மிஸ்ஸி கையை உயர்த்தாமல், என்னைப் பார்த்து மட்டும் கேட்டார்.

"தம்பி, மில்லு நிக்கிறது இண்டைக்குத்தானா முதல் தரம்?"

நான் அந்த ஊரில் பிறந்தவன். வெள்ளிக்கிழமை பகல் மில்லுகள் ஓய்வதைக் கேட்டுத்தான் உம்மா என்னைக் குளிக்க அனுப்புவார். கடைக்கு வந்த ரேடியோக்களில் எத்தனையோ வெள்ளி பகலில் எரிந்து சனிக்கிழமை காலையில் வந்தவை. ஊர் முழுக்கத் தெரிந்த ஒன்றை நான் மட்டும் மறந்து, செவ்வாயும் புதனும் மில்லுகள் இரையும்போது அளந்துவிட்டு, அந்த இருபத்துநாலைச் சத்தியம் என்று எழுதி வைத்திருந்தேன்.

"இல்ல மிஸ்ஸி," என்றேன். "ஒவ்வொரு வெள்ளியும் நிக்கும். கரண்ட்டுல பிழை இல்ல. என்ட பிழை. அந்த ஐ.சி. இந்த வேலைக்குப் பத்தாது எண்டு எனக்கு முதலே தெரியும். வேற வழியும் தெரியும். வடிவா இரிக்கோணும் எண்டு இதப் போட்டன்."

மச்சான் என் காலை மேசைக்கடியில் மிதித்தார். ஒரு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. ஹாஜியார் கண்ணாடியைப் பற்றி மட்டும் கேட்டார், அது இருக்குமா என்று. நான் இருக்காது என்றேன். அடுத்த நாளிலிருந்து காதர் காக்கா மறுபடியும் தலையை வெளியே நீட்டிக் கூப்பிட்டார். யாருக்கும் கேட்கவில்லை. எல்லாரும் ஒன்றாக ஓடினார்கள். ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன். எல்.ஈ.டி.கள் தங்கள் பன்னிரண்டு வோல்ட்டை எடுத்துக்கொள்ளும் என்று கழித்தேன் அல்லவா? அவை எரியும்போதுதான் அந்தப் பங்கை எடுக்கும். அணைந்திருக்கும்போது அவ்வளவு எடுப்பதில்லை. மீதி எல்லாம் ட்ரைவரின் தலையில். குளத்து மதகைப் பாருங்கள். திறந்திருக்கும்போது மதகுப் பலகைக்குப் பெரிய பாரம் இல்லை. மூடியிருக்கும்போதுதான் முழுக் குளமும் அதன் மேல் சாய்கிறது. எரிய வைப்பது எந்தப் பொருளும் செய்யும் வேலை. அணைத்து வைத்திருப்பதற்குத்தான் ட்ரைவர் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்பத்தெட்டை எரித்துக் கைதட்டிய எங்களில் ஒருவராவது ஒன்றை எரித்து, அதன் மேல்பக்கம் இருட்டாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

பதினான்கு ட்ரான்சிஸ்டரையும் லாச்சியிலிருந்து எடுத்தேன். ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து வோல்ட் தாங்கும். முதல் தடவை மின்சாரம் கொடுத்தபோது எட்டு இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவும், வெறுமையாக இருக்க வேண்டிய இடம் எட்டாகவும் வந்தது. ட்ரான்சிஸ்டர் கட்டளையைத் தலைகீழாக்கும் என்பதை மறந்திருந்தேன். அதற்கேற்ற வேறு ஐ.சி. தேடிப் போட்டேன். நல்லவேளை அன்று யாரும் நாடா வெட்டவில்லை.

பலகையை மறுபடி கொண்டுபோனபோது மிஸ்ஸி உடனே மாட்ட விடவில்லை.

"இது எந்த நேரம் பாத்து முடிச்ச?"

"நேத்து பின்னேரம். முழு நம்பரும் பாத்தன் மிஸ்ஸி."

"காய்ச்சல் நீங்க பாக்கிற நேரத்தில ஏறாது தம்பி. அது தன்ட நேரத்தில ஏறும். அதுக்குத்தான் நாங்க மணிக்கொருக்கா பாத்து எழுதுற. இத வெள்ளிக்கிழம பகல் பாத்தீங்களா?"

"வெள்ளிக்கிழம நான் தொழப் போகோணுமே. போன கிழமையும் தவறிட்டு."

"நீங்க போங்க. மீற்றர் முள்ளு எங்க நிக்குதெண்டு நான் பாத்து எழுதி வெக்கிறன். எப்படிப் பாக்கிற எண்டு மட்டும் காட்டித் தாங்க."

அப்படியே செய்தோம். அந்த வெள்ளி நான் ஜும்ஆ முடிந்து வந்தபோது, பலகை ஒரு மூலை மேசையில் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் என் மீற்றர். மிஸ்ஸி காய்ச்சல் எழுதும் கடதாசி ஒன்றின் பின்பக்கத்தில் கால் மணிக்கொரு தடவை எழுதியிருந்தார். இருபத்துநான்கு. இருபத்தாறு. இருபத்தொன்பது. முப்பத்தொன்று. முப்பத்தொன்று. பிறகு மில்லுகள் தொடங்கியதும் இறக்கம். அதற்குக் கீழே பூச்சியத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை ஒவ்வோர் இலக்கத்தையும் எழுதிச் சரி போட்டிருந்தார். ஒன்றிலும் நாலிலும் முடிந்தவற்றுக்கு மட்டும் இரண்டு சரி. நான் அதற்குப் பிறகு எத்தனையோ சோதனை அறிக்கைகள் பார்த்திருக்கிறேன், முத்திரை குத்தியவை, மூன்று கையெழுத்து வைத்தவை. அந்தக் கடதாசிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடியது ஒன்றுகூட இல்லை.

இன்னொரு நிபந்தனையும் வைத்தார். காதர் காக்கா துண்டை வாங்கிப் பார்த்துத்தான் ஆளை உள்ளே விட வேண்டும். "போட் இரிக்கெண்டு கண்ண மூடேலா," என்றார். காதர் காக்கா முகத்தைச் சுளித்தார், ஆனால் செய்தார்.

அந்தப் பிள்ளை நாலு நாள் வாட்டில் கிடந்து எழும்பியது. மூன்றாம் நாள் நான் போனபோது இஞ்சி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. தாய் என்னைக் கண்டு தலையை ஆட்டினார், அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்க ஒரு பேச்சுத் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். கடைசியில் பிள்ளையின் பெயரை மட்டும் கேட்டேன். றிஸ்வானா என்றார்.

நாலைந்து மாதம் கழித்து, பலகையைத் தூசி துடைக்கப் போன ஒரு காலையில் அவரை மண்டபத்தில் கண்டேன். அதே பிள்ளை, காது வலியாம். அவர் பலகைக்கு முதுகு காட்டி, டொக்டரின் கதவை ஒட்டிய வாங்கில் இருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டி, காதர் காக்காவிடம் எத்தனை நடக்குது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பிதானே பஸ்ஸுக்குள்ள வந்த?" என்றார்.

"ஓம் ராத்தா."

கழுத்தைத் திருப்பாமல், கையால் மட்டும் பின்னால் காட்டினார். "இண்டைக்கு அது சரியாக் காட்டுதா?"

பலகையில் முப்பத்துநான்கு எரிந்தது. ஓம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. நூறு இலக்கமும் பார்த்தது, முப்பத்தொரு வோல்ட்டில் பார்த்தது, மாதக்கணக்கில் ஒரு பிழையும் விடாதது. நான் சொல்லவில்லை. துணியை வைத்துவிட்டு, கதவைத் திறந்து காதர் காக்காவிடம் கேட்டேன். முப்பத்துநாலு என்றார். திரும்பி வந்து, "சரியாத்தான் காட்டுது ராத்தா. முப்பத்துநாலு," என்றேன்.

அவர் தன் துண்டை விரித்துப் பார்த்தார். முப்பத்தெட்டு.

"அப்ப இன்னம் நாலு பேர்," என்று சொல்லி, பிள்ளையைத் தூக்கி மற்றப் பக்க மடியில் சாய்த்துக்கொண்டு, பலகையைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்தார்.